பவுனின் கல்லீரல்

பவுனுக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிட்டது என்று பட்டை சொன்னது. பவுனைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. டாக்டர் சாருலதாவின் குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

பவுனு கன்று ஈன்று பதினெட்டு நாளான கலப்பின மாடு. அந்தியூருக்கு வடக்கே செங்காட்டுவலசில், கோகிலவாணியின் மாட்டுச்சாளையில் நின்று சோளத்தட்டை மென்றுகொண்டிருந்தது. கண் தெளிவாக இருந்தது. மூக்கு ஈரமாக இருந்தது. சாணமும் பதமாகத்தான் இருந்தது. நோயுள்ள மாடு முதலில் தீவனத்தை ஒதுக்கும். இதுவோ தட்டுக்கூளம் தீர்ந்ததும் சாருலதாவின் பையை முகர்ந்து பார்த்தது.

சாருலதா 'கோநலம்' என்ற நிறுவனத்தின் கள மருத்துவர். மாட்டின் வலது விலாவில், கடைசி எலும்பை ஒட்டி, கல்லீரல் இருக்கும் பக்கமாக உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டையை ஒட்டுவது அந்த நிறுவனத்தின் தொழில். தோலிலிருந்து கசியும் வாயுவைப் பட்டை முகர்ந்து பார்க்கும். மாடு சோர்ந்து படுப்பதற்கு முன்பே, ரத்தத்தில் தெரிவதற்கும் முன்பே, கல்லீரல் கெட ஆரம்பிப்பதைச் சொல்லிவிடும். இந்த மூன்று வருடங்களில் எத்தனையோ மாடுகளைப் பட்டை காப்பாற்றியிருக்கிறது. அதைச் சாருலதாவே கண்ணால் கண்டிருக்கிறாள். 'நோயற்ற மாட்டின் பால்' என்று பாக்கெட்டில் அச்சடித்து விற்கும் அந்த வட்டாரப் பால் ஒன்றியத்தில் பால் ஊற்ற வேண்டுமானால் மாட்டுக்குப் பட்டை இருந்தாக வேண்டும். பச்சை காட்டினால் நலம், மஞ்சள் காட்டினால் எச்சரிக்கை. சிவப்பு காட்டினால் அன்றைய பாலை வாங்கமாட்டார்கள். மூன்று நாள் சிவப்பென்றால் மருத்துவர் வருவார். ஏழு நாள் விடாமல் சிவப்பென்றால் லாரி வரும். லாரியில் ஏறிய மாடு திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை.

பவுனு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சிவப்பு. அன்று செவ்வாய்.

"தண்ணி எப்படிக் குடிக்குதுக்கா?" என்று கேட்டாள் சாருலதா.

"தாழி தாழியாக் குடிக்குதுங்க டாக்டரம்மா" என்றாள் கோகிலவாணி. நாற்பத்து நான்கு வயது. பேசிக்கொண்டே சொம்பைச் சாய்த்து மடமடவென்று தண்ணீர் குடித்தாள். வெயில் அதிகம்தான்.

"மூத்திரம்?"

"எப்பவும் போலத்தானுங்."

"உடம்பு எளைச்ச மாதிரி இருக்கா?"

கோகிலவாணி நழுவிய சேலைக் கொசுவத்தை இழுத்துச் சொருகியபடி மாட்டைச் சுற்றிப் பார்த்தாள். "இல்லீங். கன்னு போட்டா சித்தெ எளைக்கும். அதுவும் இது எளைக்கல பாருங்க."

சாருலதா மாட்டின் வால் நரம்பில் ரத்தம் எடுத்துத் துளியைக் கையளவு கீட்டோன் மீட்டரில் விட்டாள். 0.4 காட்டியது. 1.2-க்கு மேல் போனால்தான் நோய். ஸ்கேன் கருவியை விலாவில் வைத்துப் பார்த்தாள். கல்லீரல் திரையில் சீராகச் சாம்பல் நிறத்தில் இருந்தது. கொழுப்பு ஏறியிருந்தால் வெளுத்திருக்கும். ஒன்று மட்டும் உறுத்தியது. சாளைக்குள் லேசாக ஒரு வாசனை இருந்தது. அழுகப்போகும் அன்னாசிப்பழத்தைப் போல, நகப்பூச்சைப் போல. இந்த நோய் வந்த மாட்டின் மூச்சு அப்படித்தான் நாறும். எல்லோருக்கும் அந்த வாசனை பிடிபடாது. சாருலதாவின் மூக்குக்குப் பிடிபடும். அவள் குனிந்து பவுனின் மூக்கருகே முகத்தை வைத்து இழுத்துப் பார்த்தாள். சோளத்தட்டின் வாசனை மட்டும் வந்தது.

கோகிலவாணியின் கணவர் ஈஸ்வரமூர்த்தி தறிப்பட்டறையிலிருந்து பஞ்சு ஒட்டிய சட்டையோடு வந்து சேர்ந்தார். "என்ன நோயிங்க இது? ஈரல்ல கொழுப்புங்கறீங்க. மாடு கொழுத்தாத்தானே அது வரணும்?"

"கொழுத்தா இல்லண்ணா. கன்னு போட்ட புதுசுல பால் நெறையப் போகும். திங்கிறது அதுக்குப் பத்தாது. அப்ப உடம்பு தன்னோட கொழுப்பையே கரைச்சு எடுத்துக்கும். கரைஞ்ச கொழுப்பு மொத்தமும் ஈரலுக்குப் போகும். ஈரல் எவ்வளவுதான் தாங்கும்? கொஞ்சம் அங்கயே தங்கிடும், மீதி பாதி எரிஞ்சு ரத்தத்துல கலந்து, மூச்சுல, மூத்திரத்துல, வேர்வையில வெளிய வரும். அந்தக் கீட்டோன் வாடையைத்தான் பட்டை புடிக்குது."

"பட்டினி கெடக்கற மாட்டுக்கு வர்றதுன்னு சொல்லுங்க."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

ஈஸ்வரமூர்த்தி பவுனின் நிறைந்த வயிற்றைப் பார்த்தார். பிறகு சாருலதாவைப் பார்த்தார். அவள் பழைய பட்டையை உரித்தெடுத்தாள். பட்டை பழுதாக இருக்கும் என்று புதிய பட்டை ஒட்டினாள். வெல்லம் கரைத்துக் கொடுக்கச் சொன்னாள்.

"பவுனைக் கொண்டுபோயிருவாங்களாங் டாக்டரம்மா?" என்றாள் கோகிலவாணி, வண்டிவரை வந்து.

"மாட்டுக்கு ஒண்ணும் இல்லக்கா. நாளைக்குப் பச்சை ஆயிடும்."

புதிய பட்டையும் அன்று மாலையே சிவப்புக் காட்டியது. முதல் பட்டையைவிட அதிகமாக.

வியாழக்கிழமை சாருலதா ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, விலா இடுக்கின் வழியாக நீண்ட ஊசியைச் செலுத்திக் கல்லீரலில் நூலளவு சதை எடுத்தாள். கோகிலவாணி மாட்டின் முகத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. பார்க்கச் சகிக்காமல்தான் என்று சாருலதா நினைத்தாள்.

"நீங்க வேணா உக்காருங்கக்கா."

"பரவால்லீங். செவ்வாக்கெழமயிலிருந்து சோறு எறக்கலீங்க. அதான் தலை சித்தெ சுத்துது. கருப்பராயனுக்கு நேந்துக்கிட்டேன். பவுனு பச்சையாகற வரைக்கும் சோறு தொடறதில்லைன்னு."

"அப்படியெல்லாம் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாருலதா சதைத்துணுக்கைக் குப்பியில் போட்டு மூடினாள். அந்த வாசனை இன்னும் சாளையில் இருந்தது. அவள் புல்லை முகர்ந்தாள். தவிட்டுத் தொட்டியை முகர்ந்தாள். கன்றுக்குட்டியைக்கூட முகர்ந்து பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. கல்லீரலில் கொழுப்பு இல்லை. அதே நிமிடத்தில் திரையின் மறுபாதியில் பவுனின் காலை அளவு ஒளிர்ந்தது: ஆறாம் நாள், சிவப்பு, இதுவரை இருந்ததிலேயே அதிகம். அவள் கோயம்புத்தூர் அலுவலகத்தில் இருக்கும் தன் மேலாளர் ஹரிபிரசாத்தை அழைத்தாள்.

"சார், சதையே எடுத்துப் பாத்தாச்சு. சுத்தமா இருக்கு. பட்டைதான் தப்பு."

"ரெண்டு பட்டையும் தப்பா?"

"ஆமா."

"சாரு, ரத்தப் பரிசோதனை இன்னைக்கு இருக்கிறதைச் சொல்லுது. பட்டை நாளைக்கு வரப்போறதைச் சொல்லுது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒத்துப்போகாதுதான்."

"அப்ப ஒரு மாட்டுக்கு நோய் இல்லைன்னு நான் எதை வெச்சு நிரூபிக்கிறது?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவரும் ஒரு காலத்தில் முழங்கைவரை உறை மாட்டிக்கொண்டு மாடு பார்த்தவர்தான். "நிரூபிக்க முடியாதுன்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் ஒரே ஒரு உதவி கேட்டாள். மின்கலம் தீர்ந்துவிடாமல் இருக்க, மாடு அசையாமல் நிற்கும் நேரத்தில் மட்டும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை பட்டை அளவெடுக்கும். பவுனின் பட்டையை மட்டும் ஒரு நாளைக்கு இடைவிடாமல் அளக்க வைக்க முடியுமா? முடியும் என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே அவள் சாளைக்கு வந்து, கவிழ்த்த தீவன வாளியின் மேல் உட்கார்ந்து, கையில் போனை வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை லாரி. ஒன்றியத்திலிருந்து வீட்டுக்குச் செய்தியும் வந்துவிட்டது. ஈஸ்வரமூர்த்தி தறிக்குப் போகவில்லை. யாரும் அவளிடம் சண்டைக்கு வரவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு 0.3. பச்சை. ஒரு மணிக்கு 0.3. இரண்டு மணிக்கும் அதேதான். பவுனு படுத்தது, எழுந்தது, அசை போட்டது, வாலால் ஈயை அடித்தது. மூன்றரை மணிவரை எண் அசையவில்லை. பச்சையாக இருக்கும் மாடு எப்படி ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும் சிவப்பாகிறது?

நாலே கால் மணிக்குக் கோகிலவாணி சொம்போடு வந்தாள். கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டினாள். மடியைக் கழுவி, மாட்டின் வலது பக்கம் குந்தி, நெற்றியை விலாவில் சாய்த்துக்கொண்டு கறக்க ஆரம்பித்தாள். அவள் மூச்சு வேகமாக, ஆழமாக வந்துகொண்டிருந்தது. நுரை ஏறும் சத்தம் கேட்டது.

சாருலதாவின் கையில் இருந்த எண் 0.9 ஆனது. பிறகு 2.4. பிறகு 6.1. திரை சிவந்தது.

மடியைத் தொட்டால் ஏறுகிறது என்று முதலில் நினைத்தாள். பால் இறங்கும்போது உடம்பில் ஏதோ மாறுகிறது, யாரும் கண்டுபிடிக்காத ஏதோ ஒன்று என்று ஒரு நிமிடம் அவள் மனம் எங்கெங்கோ ஓடியது. அப்புறம்தான் கோகிலவாணியின் நெற்றிக்கும் பட்டைக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை என்பதைப் பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிங்க."

"பாதியில எந்திரிச்சா மாடு பாலை மடிக்குள்ளயே ஏத்திக்குமுங்க."

"பரவாயில்ல, எந்திரிங்க. அண்ணா, நீங்க உக்காந்து கறங்க. அக்கா மாதிரியே தலையைச் சாச்சுக்கங்க."

ஈஸ்வரமூர்த்தி ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தார். எண் இறங்கியது. 3.0, 1.1, 0.4. பச்சை.

சாருலதா அவரை எழுப்பிவிட்டுத் தானே குந்திப் பட்டையின் மேல் மூச்சுவிட்டாள். 0.3. மறுபடி கோகிலவாணியை உட்காரச் சொன்னாள். நாலு மூச்சுத்தான். 5.9.

"மாட்டுக்கு என்னங்க ஆச்சு?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

சாருலதா கோகிலவாணியின் முகத்தருகே குனிந்தாள். ஐந்து நாளாகச் சாளை முழுக்கத் தேடிய அன்னாசிப்பழ வாசனை அவள் வாயிலிருந்து வந்தது.

"அக்கா, வெரலைக் குடுங்க."

"எனக்கெதுக்குங் ஊசி? மாடுதானுங்களே..."

மாட்டு மீட்டரில் கோகிலவாணியின் ரத்தத்துளி ஐந்து வினாடி நின்றது. 5.4.

"எத்தனை நாளா இப்படித் தண்ணி குடிக்கறீங்க?"

"ரெண்டு மாசமா இருக்குமுங்."

"மூத்திரம் அடிக்கடி போகுதா?"

"போகுதுங்க."

"ஒடம்பு எளைச்சிருக்கா?"

"ஆமாங். சட்டையெல்லாம் லொடலொடங்குது. வேலைதானுங்களே, எளைச்சா நல்லதுதான்னு இருந்தேன்."

செவ்வாய்க்கிழமை மாட்டைப் பற்றிக் கேட்ட அதே மூன்று கேள்விகள். அன்றைக்குப் பதில்கள் அவள் கண்முன்னாலேயே நின்றுகொண்டிருந்தன. சாருலதா மீட்டரைப் பைக்குள் போட்டு எழுந்தாள். "வண்டியில ஏறுங்க ரெண்டு பேரும். ஈரோட்டுக்குப் போறோம்."

"பால் பாதி நிக்குதுங்க."

"கன்னு குடிக்கட்டும். கன்னை அவுத்துவிடுங்கண்ணா."

போகும் வழியில் கோகிலவாணி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. மருத்துவமனையில் சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அவளுக்குத் தெரியாது. உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. சோற்றையும் விட்டதில் நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. மாடு நலமாக வேண்டும் என்று அவள் பட்டினி கிடக்கக் கிடக்க, மாட்டின் பட்டை மேலும் மேலும் சிவந்திருக்கிறது.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் கையெழுத்து வாங்கும்போது கேட்டார்: "கீட்டோன் அளவு சரியாச் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. எங்க டெஸ்ட் எடுத்தீங்க?"

"மாட்டுச்சாளையில" என்றாள் சாருலதா.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வரவில்லை. ஏழாம் நாள் மாலையின் கடைசி அளவு, ஈஸ்வரமூர்த்தி போனில் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் வந்து, கன்று குடித்தது போக மிச்சப் பாலைக் கறந்தபோது எடுத்தது. அது பச்சை. தொடர் அறுந்துவிட்டது. கோகிலவாணிக்குக் கண் தெளிந்ததும் முதலில் கேட்டது அதைத்தான். சொன்னதும், "கருப்பராயன் கைவிடலீங்க" என்றாள். சாருலதா ஆமாம் என்று தலையாட்டினாள்.

அன்றே ஹரிபிரசாத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் பெருமூச்சுத்தான் விட்டார்.

"அயல் மூச்சு" என்றார்.

"என்ன சார்?"

"அந்தப் பிழைக்கு ஆபீஸ்ல வெச்சிருக்கிற பேரு. பட்டையை மெஷின்ல பால் கறக்கிற பெரிய பண்ணைகள்லதான் சோதிச்சாங்க. அங்க யாரும் மாட்டு மேல தலை சாச்சுக் கறக்கிறதில்லை. கையால கறக்கிற வீடுகள்ல ஆயிரத்துக்கு ரெண்டு மூணு இப்படி வருது. என்ன பிழைன்னு தெரியாம ரொம்ப நாள் மண்டையை ஒடைச்சாங்க. போன மாசம்தான் புரிஞ்சுது. அடுத்த மாசம் வர்ற மென்பொருள் மாற்றத்துல மனுஷ மூச்சை வடிகட்டிடுவாங்க. அதுக்கப்புறம் இந்தத் தொந்தரவு இருக்காது."

"புரிஞ்சுதா? புரிஞ்ச பிறகும் லாரி போச்சா?"

"களத்துல யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு சாரு. அதான் வெள்ளிக்கிழமையும் சொல்லல."

"சார், என் வட்டாரத்துல எத்தனை வீடு?"

"அறுபத்து மூணு."

"அந்த அறுபத்து மூணு வீட்லயும் ஒரு மனுஷன் இருக்கான்."

"தெரியும் சாரு. நானும் கேட்டேன். நம்ம உரிமம் மாட்டுக்கு மட்டும். மனுஷனோட நோயை அவன் கேக்காம, அவன் சம்மதம் இல்லாம நாம எப்படிக் கண்டுபிடிச்சோம்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா? இந்தத் தகவல் இருக்குன்னு தெரிஞ்சா காப்பீட்டுக்காரன் சும்மா இருப்பானா? மாட்டுக்குப் பட்டை ஒட்டறேன்னு சொல்லிட்டு வீட்ல இருக்கிறவங்களை மோந்து பாத்தோம்னு ஊர் பேசும். வக்கீல் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு."

"பட்டியலை எனக்கு அனுப்புங்க."

"முடியாதும்மா."

அவளுக்கு அவர் சொன்னது தவறென்றும் தோன்றியது, முழுக்கத் தவறில்லை என்றும் தோன்றியது. ஒரு வீட்டுக் கதவைத் தட்டி என்னவென்று சொல்வது? உங்கள் மாட்டின் விலாவில் உங்கள் மூச்சு பட்டது, அதை நாங்கள் குறித்துவைத்திருக்கிறோம் என்றா?

திங்கட்கிழமை காலை அவளுடைய அன்றாட வேலைத்தாளில் அறுபத்து மூன்று முகவரிகள் இருந்தன. தலைப்பு: 'பட்டை மாற்ற வேண்டிய வீடுகள்'. அனுப்பியவர் பெயர் ஹரிபிரசாத். வேறு ஒரு சொல்லும் இல்லை.

முதல் வீட்டில் பால் கறப்பது இருபத்திரண்டு வயதுப் பெண். ஆவணியில் கல்யாணம். உடம்பைக் குறைக்க இரண்டு மாதமாகச் சோறு, இட்லி எதுவும் தொடாமல் முட்டையும் பன்னீரும் மட்டும் சாப்பிடுகிறாள். ரத்தத்தில் சர்க்கரை சரியாகவே இருந்தது. நோய் எதுவும் இல்லை.

"எப்படீங் உங்களுக்குத் தெரியும்?" என்றாள் அந்தப் பெண். முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன திங்கறேன், திங்கலைன்னு மாடு வந்து சொல்லுச்சுங்களா? எங்கம்மாவுக்கே தெரியாதுங்க அது."

சாருலதா மன்னிப்புக் கேட்டாள். பெண் கதவைச் சாத்திக்கொண்டாள். சாருலதா வண்டியில் ஏறினாள். ஹரிபிரசாத் சொன்னது சரிதானோ என்று பட்டது.

இரண்டாவது வீட்டில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். சர்க்கரை இருப்பது தெரிந்தும், ஊசிக்குப் பயந்து நாலு மாதமாக நிறுத்திவிட்டிருந்தார். மனைவிக்குத் தெரியாது. சாருலதா மீட்டரைக் காட்டியதும் மனைவி அழ ஆரம்பித்தாள், அவர் திட்டினார், பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறக் கிளம்பினார். "மாட்டுக்கு ஊசி போடறவங்ககிட்டயெல்லாம் மாட்டிக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

மூன்றாவது முகவரிக்கு நேரே ஒரு குறிப்பு இருந்தது. இருபது நாள் சிவப்பாகவும் மஞ்சளாகவும் மாறி மாறி இருந்த மாடு, போன புதன்கிழமையிலிருந்து பச்சை. 'பிழை தானாகச் சரியானது. பார்வையிடத் தேவையில்லை.' சாருலதாவுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த ஆள் சாப்பிட ஆரம்பித்திருப்பார், அல்லது மருந்து எடுத்துக்கொண்டிருப்பார். தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் போகும் வழியிலேயே வீடு இருந்தது. காலையிலிருந்து ஒரு நல்ல செய்தியைக்கூடக் கேட்கவில்லை என்பதால் வண்டியை நிறுத்தினாள்.

வாசலில் இரண்டு பேர் தகரப் பந்தலின் கம்பிகளைக் கழற்றி டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. பக்கவாட்டுக் கொட்டகையில் கறுப்பு வெள்ளை மாடு ஒன்று நின்றது. முப்பது வயதுப் பெண்ணொருத்தி அதற்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க. மாட்டாசுபத்திரிங்களா?" என்றாள். "இப்ப நல்லா இருக்குதுங்க. பாலும் வாங்கிக்கறாங்க."

"நீங்கதான் கறக்கறீங்களா?"

"புதன்கெழமயிலிருந்து நாந்தானுங்." அவள் கை தவிட்டிலேயே நின்றது. "அதுக்கு முன்ன எங்கண்ணன் பால் பீச்சுவாருங்க. செவ்வாக்கெழம தவறிட்டாரு. நாப்பது வயசுதானுங். வவுத்தை வலிக்குதுன்னாரு, ஒரு நாள் பூராப் படுத்தாரு. மாட்டைப் புடிச்சுட்டுப் போயிருவாங்களோன்னு அதே நெனப்பா இருந்தாருங்க. கடேசில பாருங், மாட்டுக்கு ஒண்ணுமே இல்ல."

சாருலதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன சொன்னாலும் அது இந்தப் பெண்ணுக்கு இனி எதற்கும் உதவாது என்று தோன்றியது. சொல்லாமல் போவதும் அயோக்கியத்தனமாகத் தோன்றியது. அவர் பெயரைக் கேட்டாள். பொன்னுதுரை என்றாள் தங்கை. சாருலதா மாட்டின் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் ஒட்டியிருந்தது. 0.2.

"தண்ணி குடிக்கறீங்களாங்க? மொகமெல்லாம் ஒரு மாதிரியா இருக்குது உங்களுக்கு."

"வேண்டாங்க" என்றாள். பிறகு வாங்கிக் குடித்தாள்.

வண்டியில் உட்கார்ந்து பட்டியலை மறுபடி திறந்தாள். மீதி அறுபது வீடு. நாற்பத்தொன்பது சிவப்பு. பதினொன்று பச்சை, பதினொன்றுக்கும் நேரே அதே வாக்கியம், 'பிழை தானாகச் சரியானது'. அவளுக்கு எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. மூன்று வருடமாகச் சிவப்பைப் பார்த்துத்தான் அவள் பயந்திருக்கிறாள். இப்போது பச்சையைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. சிவப்பாக இருக்கும் வீட்டில் இன்னும் யாரோ மாட்டின் வலது பக்கம் குந்தி, நெற்றியைச் சாய்த்து, மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டியலில் முதல் சிவப்பு வீட்டின் போன் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. ஏழு, எட்டு தடவை அடித்தது. வைத்துவிடலாம் என்று கையை எடுக்கும்போது எடுத்தார்கள்.

"அலோ, யாருங்?"

"கோநலத்துலயிருந்து பேசறேங்க. உங்க வீட்ல யாரு பால் கறக்கறது?"

"நாந்தானுங். ஏனுங், மாட்டுக்கு ஏதாச்சுங்களா?"

கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. இதற்கு அடுத்து என்ன சொல்வது என்பதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. மறுமுனையில் மூச்சு கேட்டது, கொஞ்சம் வேகமாக.

"மாட்டுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றாள் சாருலதா. "நீங்க எங்கயும் போகாதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்."